தன் பிழையைத் தானே சொன்ன மங்களா அக்கா

மங்களா அக்காவின் தம்பி அன்புவழிபுரத்திலிருந்து போன் எடுத்தபோது நான் வேலையில் இருந்தேன். "அண்ணை, அக்கா காலமை மோசம் போயிட்டா" என்றார். இறந்துபோன அக்காவின் நினைவாக, துறைமுகப் பக்கம் எங்களோடு வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அக்காவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆனால் ஒருநாள் நேவி முகாமில் நடந்ததை உங்களில் யாரும் பார்த்திருக்க முடியாது.

யுத்த காலத்தில், எங்கள் அரிசிக் களஞ்சியத்தின் பாரந்தூக்கியை இயக்கிய மைக்ரோகொன்ட்ரோலர் என்ற சின்னக் கணினிக்குப் புரோகிராம் எழுதியவர் அவர். அப்படியான புரோகிராம் இடையில் செயலிழந்தால் தானாகவே மறுபடி தொடங்கிவிடும்; ஏன் நின்றதென்று யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. நிற்பதற்கு முன் பிழையின் இலக்கத்தைப் பதிந்துவைக்கவும், ஒரு சிவப்பு விளக்கு அந்த இலக்கத்தை மினுக்கிக் காட்டவும் ஏற்பாடு செய்திருந்தார். "சாகிறது பெரிசில்லை. ஏன் செத்ததெண்டு சொல்லிப்போட்டுச் சாகவேணும்" என்பார்.

ஒரு மத்தியானம் மூட்டைகள் அந்தரத்திலிருந்து விழுந்து, கீழே நின்ற ஒருவரின் கால் முறிந்தது. பாரந்தூக்கியை இயக்கியவர் செல்வராசா, திரியாய்க்காரர்; போராளிகளின் பக்கமென்று நேவி சந்தேகித்த ஊர். அது போதுமாயிருந்தது. நாசவேலை என்று நேவி அவரைக் கொண்டுபோனது. அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்களே, அவர் யாரோடு கதைத்தார், ஏன் லீவெடுத்தார் என்று குசுகுசுத்தார்கள். என்னை யார் கவனிக்கிறார்கள் என்று நானும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா விளக்கு மினுக்கிய இலக்கத்தைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தன் புரோகிராமை வாசித்தார். வெளியே வந்து மனேஜரிடம் சொன்னார்.

"செல்வராசா ஒண்டும் செய்யேல்லை. பாரத்தைக் கணக்கிடுற இடத்தில நான் விட்ட பிழை. அதில புரோகிராம் நிண்டுதான் மூட்டை விழுந்தது."

"பிள்ளை, இதை வெளியில கதையாதேங்கோ. உங்களையும் பிடிப்பாங்கள்" என்றார் மனேஜர்.

"ஓம், தெரியும்."

எனக்குச் சிங்களம் தெரியுமென்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனார். அதிகாரி முதலில் விளக்கைத்தான் சந்தேகித்தார். கடலில் யாருக்கு இது சிக்னல் கொடுக்கிறது என்று கேட்டார். அக்கா தான் கழற்றிக் கொண்டுவந்திருந்த பாரந்தூக்கியின் சர்க்கிட்டைப் பற்றரியில் பூட்டி, விழுந்த மூட்டைகளின் பார அளவை அதற்குக் கொடுத்தார். புரோகிராம் நின்றது. விளக்கு அதே இலக்கத்தை மினுக்கியது.

"யாருடைய பிழை?" என்றார் அதிகாரி.

"என்ர பிழை" என்றார் அக்கா.

மெஷினின் பிழை என்று சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். அக்காவுக்கும் அவ்வளவு சிங்களம் விளங்கும். "நான் சொன்னதை அப்படியே சொல்லுங்கோ, தம்பி."

அப்படியே சொன்னேன். சில நாளில் செல்வராசாவை விட்டார்கள். ஆனால் அக்காவை அவர்கள் முழுதாக நம்பவில்லை. வாராவாரம் முகாமுக்கு வந்து கையெழுத்திட வைத்தார்கள். களஞ்சியம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. விளக்கையும் கழற்றிவிட்டது.

"பயமா இருக்கேல்லையோ?" என்று பின்னொரு நாள் கேட்டேன்.

"இருந்தது. அவன் உள்ளுக்க இருக்க எனக்குச் சோறு இறங்கேல்லை."

அவரிடமிருந்து எனக்கு வந்தது ஒரு பழக்கம். ஏதாவது பிழைத்துப்போனால், பக்கத்தில் நிற்பவரின் முகத்தையும் ஊரையும் தேடித்தான் மனம் இன்னமும் ஓடுகிறது. அதை நிறுத்திவைத்து, நான் செய்ததை முதலில் திறந்து பார்க்கிறேன். அநேகமாகப் பிழை அங்கேதான் இருக்கிறது.