அம்மாவுக்கு சைக்கிள் கிளாஸ்

வலது முழங்காலில் பிளாஸ்திரி, இடது முழங்கையில் சிராய்ப்பு. போன வாரம் தேனி உழவர் சந்தையில் பார்த்தவர்கள் எல்லாம் என்னாச்சு, ஏதாச்சு என்று விசாரித்தார்கள். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று சொல்லிவைத்தேன். நாற்பத்தாறு வயதில் சைக்கிள் பழகும்போது விழுந்தேன் என்று தக்காளி பொறுக்கிக்கொண்டே சொல்ல முடியுமா?

உங்களிடம் சொல்வதற்கென்ன... முழுசாகவே சொல்கிறேன்.

என் மகள் தாரணி பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்து லீவில் இருக்கிறாள். முதல் நாலு நாள் ஒரே குஷி. ஐந்தாம் நாள் என்ன ஆனதோ, பேச்சே நின்றுபோனது. கூப்பிட்டால் வருவாள், ரெண்டு இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொள்வாள், ரூமுக்குள் போய் கதவைச் சாத்திக்கொள்வாள். எட்டிப் பார்த்தால், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். போனை நோண்டினால் திட்டலாம். ஃபேனைப் பார்க்கிற பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது?

ரிசல்ட் பயம்தான் என்று நானாகவே முடிவு கட்டினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மார்க்குக்கு எதிராகப் பெரிய பிரசாரமே ஆரம்பமானது. எல்.கே.ஜி.யிலிருந்து ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் மார்க் கேட்டுக் குடைந்த என் வீட்டுக்காரர், சாம்பாரை ஊற்றிக்கொண்டே, “மார்க்கெல்லாம் என்னத்தா, வெறும் நம்பர்தானே” என்றார். அவருக்குக் காய்ச்சலோ என்பதுபோல் மகள் பார்த்தாள். கோம்பையில் விவசாயம் பார்க்கிற என் அண்ணன் ஒருபடி மேலே போனார். போன் போட்டு, பெயிலானாலும் கவலைப்படக் கூடாது, மாமாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது என்று கால் மணி நேரம் தைரியம் சொன்னார்.

“மாமா, இன்னும் ரிசல்ட்டே வரல” என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

அடுத்து நான் கையில் எடுத்தது சம்மர் கிளாஸ். கீபோர்டு, ஸ்போக்கன் ஹிந்தி, யோகா. எதற்கும் இரண்டாவது நாள் போகவில்லை. நான் சளைப்பேனா? ஓவிய வகுப்பு நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“எல்லாத்தையும் என்னையவே கத்துக்கச் சொல்றியேம்மா. நீ ஏதாச்சும் ஒண்ணு கத்துக்கயேன்.”

ரோஷம் வந்துவிட்டது. “சரி, சைக்கிள் கத்துக்குடு” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. நான் மூன்று அண்ணன்களோடு பிறந்தவள். வீட்டு சைக்கிளில் கேரியரைத் தாண்டி எனக்கு எதுவும் கிடைத்ததில்லை.

என் சேலையை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, சேலையில் ஏறாதே, சுடிதார் போட்டுக்கொண்டு வா என்றாள். அந்த வாரத்தில் அவள் பேசிய நீளமான பேச்சே அந்த ரெண்டும்தான்.

அல்லிநகரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு லே-அவுட் இருக்கிறது. தார் ரோடு உண்டு, மஞ்சள் பெயின்ட் அடித்த கல் உண்டு, வீடு மட்டும் இல்லை. காலை ஆறு மணிக்கு அங்கேதான் வகுப்பு. டீச்சர் ரொம்பக் கண்டிப்பு. கீழே பார்க்காதே, பிரேக்கைக் கெட்டியாகப் பிடிக்காதே, என்ன ஆனாலும் திரும்பாதே! வாக்கிங் வருகிற ஒருவர், என்னைத் தூரத்தில் கண்டதுமே ரோட்டை விட்டு இறங்கி காலி பிளாட்டுக்குள் நடக்க ஆரம்பித்தார்.

நாலாவது நாள். அவள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருகிறாள். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதிக்கிறேன். பின்னாலிருந்து மெல்ல ஒரு குரல்.

“அம்மா... ஹரிணி எங்கிட்ட பேசறதில்ல.”

ஹேண்டில்பார் ஆடியது.

“திரும்பாத. மிதி.”

மிதித்தேன். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து நாலு பேர் செட்டு. அதில் ஹரிணிதான் உயிர்த்தோழி. பரீட்சை முடிந்ததும் மற்ற மூவரும் இவளை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் புது குரூப் ஆரம்பித்திருக்கிறார்கள். ஹரிணி அப்பாவின் காரில் சுருளி அருவிக்குப் போய் வந்திருக்கிறார்கள். இவளுக்கு அது ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் தெரியும். என்ன தப்பு செய்தோம் என்றே தெரியவில்லை. எங்களிடம் சொல்லவும் கூச்சம். “நீங்கதான் மார்க்குன்னு நெனச்சுட்டீகளே, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

என்னிடம் வண்டி வண்டியாக அட்வைஸ் இருந்தது. ஆனால் மூச்சு இல்லை. ‘ம்’ என்றும் ‘அப்புறம்?’ என்றும் மட்டுமே சொல்ல முடிந்தது. பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக, என் மகள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டேன். பெருமை என்னுடையதல்ல. பெடலுடையது.

“எப்பவும் நாலு டிபன் பாக்ஸையும் சேத்து வச்சு போட்டோ எடுப்போம்மா. அந்தச் சுருளி போட்டோவுல மூணுதான் இருந்துச்சு.”

குரல் உடைந்தது. நான் திரும்பிவிட்டேன்.

அப்புறமென்ன... மஞ்சள் கல் பக்கத்தில் நான், என் மேல் சைக்கிள். அழுதுகொண்டே ஓடி வந்தவள், நான் கிடந்த கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எனக்கும்தான்.

அங்கேயே உட்கார்ந்தோம். ‘இதெல்லாம் ஒரு விஷயமா?’ என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். ஆபீஸில் என்னைக் கூப்பிடாமல் மூணு பேர் டீ குடிக்கப் போனாலே அன்றைக்குப் பூரா எனக்கு மனசு சரியிருக்காது. இவளுக்கு எப்படி இருக்கும்?

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

“ஒண்ணும் செய்யாத. ஹரிணி அம்மாவுக்கு போன் மட்டும் போட்டுறாத.”

சத்தியம் செய்து கொடுத்தேன். அது எவ்வளவு பெரிய தியாகம் என்று சந்தையில்தான் தெரிந்தது. முழங்காலை விசாரித்தவர்களில் ஹரிணியின் அம்மாவும் ஒருவர். எத்தனை கேள்வி தொண்டையில் நின்றது தெரியுமா? அத்தனையையும் அடக்கிக்கொண்டு, முருங்கைக்காய் முற்றலா பிஞ்சா என்று பத்து நிமிஷம் பேசினேன். சைக்கிளில் மேகமலை ஏறச் சொல்லியிருந்தால்கூட சுலபமாக ஏறியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மூவரில் ஒருத்தியான நிஷா தானாகவே வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாள். விஷயம் இதுதான். பிளஸ் ஒன்னில் நாலு பேரும் பயாலஜி குரூப் எடுப்பதாகப் பேச்சு. தாரணி காமர்ஸ் என்று சொல்லிவிட்டாள். தன்னை விட்டுப் பிரிந்து போகிறாள் என்று ஹரிணிக்குக் கோபம். விட்டுப் போவதற்குள் நாமே விட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறது அந்தப் பிள்ளை. அதுவும் பாவம்தான்.

“காமர்ஸ் எடுத்தாலும் நான் உன் பிரெண்டுதான்” என்று தாரணி மெசேஜ் போட்டாள். புளூ டிக் விழுந்தது. பதில் வரவில்லை. அன்று சாயங்காலம் மறுபடி அழுதாள். ஆனால் ரூமுக்குள் அல்ல, ஹாலில், என் பக்கத்தில் உட்கார்ந்து. மறுநாள் மூணு இட்லி சாப்பிட்டாள். ரிசல்ட்டைப் பற்றிக் கேட்டால், வர்றப்ப வரட்டும் என்கிறாள்.

பிள்ளைகளை எதிரே உட்காரவைத்து, ‘மனசு விட்டுப் பேசு’ என்று மூஞ்சியையே பார்த்தால் அவர்கள் என்னதான் பேசுவார்கள்? பீன்ஸ் நறுக்கும்போது, துணி காயப்போடும்போது, பைக்கின் பின் சீட்டில் போகும்போது... நம் பார்வை வேறெங்காவது இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் மனசு வெளியே வருகிறது.

நேற்று யாரும் பிடிக்காமலே ரெண்டு ரவுண்டு சுற்றி வந்தேன். “இனிமே நீயே ஓட்டிக்கலாம்மா” என்றாள் டீச்சர்.

இன்று காலையில் வேண்டுமென்றே கொஞ்சம் ஆட்டி ஓட்டினேன்.