லீலா அண்ணியின் ஈஸ்டர் விடியல்

சனிக்கிழமை, காலை ஆறரை மணி வாக்கில் சென்னை சென்ட்ரலிலிருந்து திருப்பதி வண்டி நகர்ந்தது. நகர்ந்ததுமே பெட்டி முழுக்க "கோவிந்தா!" என்று குரல் எழுந்தது. மஞ்சள் துணி கட்டிய பைகள், உண்டியலுக்கு முடிந்து வைத்த காணிக்கைகள், மொட்டை போடக் காத்திருக்கும் சுருட்டைத் தலைக் குழந்தைகள். ஜன்னலோரத்தில் நான் மட்டும் ஒரு கைப்பையும் ஒரு ஜெபப் புத்தகமுமாக உட்கார்ந்திருந்தேன். இருக்கைக்கு எண்பது ரூபாய். எனக்கு இருந்த பரபரப்புக்கு எண்ணூறு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

எதிர் இருக்கையில் திருவள்ளூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். டிபன் டப்பாவைத் திறந்து புளியோதரையை நீட்டியபடி கேட்டார்.

"நடந்து ஏறப் போறியா, பஸ்ஸுலயா?"

"நான் மலைக்குப் போகலம்மா. கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன். எங்க அண்ணிக்கு நேத்து ஆபரேஷன். இன்னைக்குக் கட்டு பிரிக்கிறாங்க."

அவ்வளவுதான் சொல்ல நினைத்தேன். அரக்கோணம் வருவதற்குள் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். லீலா அண்ணிக்கு வலது கண் சிறு வயதிலேயே அம்மையில் போனது. ஏழு வருஷத்துக்கு முன்னால் கரும்பு வெட்டும்போது தோகை கிழித்து இடது கண்ணும் போயிற்று. கருவிழியில் புண் வந்து வெள்ளை படர்ந்தது. அதன் பிறகு பகலா இரவா என்பது மட்டுமே தெரியும். ஒரு தடவை வேறு கருவிழி வைத்துத் தைத்தார்கள். சில மாதங்களில் உடம்பு அதை ஏற்கவில்லை. "இனிமே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்டாதீங்க" என்று அண்ணி சொல்லிவிட்டார். ஆனால் என் அண்ணன் சாமுவேல் விடவில்லை, திருப்பதியில் மறுபடி பெயர் பதிந்து வைத்திருந்தார். பெரிய வியாழன் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: ஒரு கண் வந்திருக்கிறது, உடனே கிளம்பி வாருங்கள். பெரிய வெள்ளிக்கிழமை காலையில் தைத்து முடித்தார்கள்.

அந்த அம்மா கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "உங்க அண்ணி பேரு இன்னா சொன்ன?"

"லீலா."

"மேல போனதும் அவுங்களுக்கும் சேத்து வேண்டிக்கினு வரேன்."

திருத்தணி தாண்டியதும் மலைகள் வண்டிக்குத் துணையாக ஓடிவந்தன. நகரி மலையின் மூக்கு நீண்டு தெரிந்தது. புத்தூரில் மல்லிகைப்பூக்காரிகள் ஏறினார்கள், தமிழில் விலை சொல்லித் தெலுங்கில் பேரம் பேசினார்கள். ரேணிகுண்டாவில் வண்டி காரணமில்லாமல் நின்றது. என் வாழ்க்கையில் ஒரு ரயில் நிலையத்தை அப்படி வெறுத்ததில்லை.

காலை பத்தரை மணி. திருப்பதி நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே மலையடிவாரத்துக்கு ஆள் ஏற்றும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அலிபிரியா? ஜீப்பா? தரிசனம் டிக்கெட் உந்தா?" கண்ணாஸ்பத்திரி என்றதும் ஒருவர் முகம் மாறி, "எக்கண்டி, எக்கண்டி" என்று ஏறச் சொல்லி வண்டியைக் கிளப்பினார். எண்பது ரூபாய். வழியெல்லாம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

வார்டு வாசலில் அண்ணன் நின்றிருந்தார். பக்கத்தில் முனிரத்தினம். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து நிலத்துக்காரர். அவர் அப்பா காலத்தில் அந்தக் குடும்பத்துக்குக் கையளவு நிலம் கிடையாது. இப்போது ஒன்றரை ஏக்கர், ஒரு போர் கிணறு, காய்கறி ஏற்றும் சின்ன வேன் ஒன்று. வியாழக்கிழமை அண்ணியை அந்த வேனில்தான் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார், வீடு திரும்பவே இல்லை. நெற்றியில் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் குங்குமம்.

"வாம்மா ரூபி. உனுக்காகத்தான் டாக்டரை நிக்க வெச்சிக்கினு இருக்கோம்" என்றார்.

உள்ளே அண்ணி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கண்மேல் வெள்ளைக் கட்டு. நான் கையைப் பிடித்தேன், விரல்கள் சில்லென்று இருந்தன. பெண் டாக்டர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார்.

"லீலம்மா, மெல்லகா தெறங்க. அவசரம் வேணாம்."

கட்டு பிரிந்தது. அண்ணி இமையைத் திறந்தார். கண் சிவந்து நீர் வடிந்தது. அண்ணன் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தெரியுது?" என்றார் டாக்டர்.

"வெள்ளையா…"

டாக்டர் முகத்தில் எதுவும் காட்டவில்லை. "வெள்ளையா என்ன?"

"வெள்ளையா இன்னாவோ ஆடிக்கினு இருக்குது."

ஆடியது டாக்டரின் கோட்டுக் கை! "எத்தனை விரல்?" என்று கேட்டார். அண்ணி தலையைச் சாய்த்துப் பார்த்து, "மூணு" என்றார். மூன்றேதான். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, ஆஸ்பத்திரி என்பதால் வாயைப் பொத்திக்கொண்டேன். முனிரத்தினத்துக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. "கோவிந்தா!" என்று ஒரே சத்தம்.

"மெர்சி நைனா, கிட்ட வா" என்று மகள் பேரைச் சொல்லி அண்ணி புருஷனைக் கூப்பிட்டார். அண்ணன் குனிந்தார். முகத்தோடு முகம் வைத்துப் பார்த்த அண்ணி கேட்டார்: "மீசை எங்க?"

"நரைச்சுப் போச்சு. எடுத்துட்டேன்."

"வெச்சுக்கோ. நரைச்சாலும் நான் பாக்கணும்."

டாக்டர் நிதானமாகச் சொன்னார். தைத்த கருவிழி தெளிவாக இருக்கிறது. இப்போது எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். பார்வை கூட மாதங்கள் ஆகும். உடம்பு ஏற்காமல் போகும் ஆபத்து இன்னும் இருக்கிறது, சொட்டு மருந்தைத் தவறவிடக் கூடாது, திங்கட்கிழமை மறுபடி வர வேண்டும். புகை ஆகாது, தூசி ஆகாது, வெயிலை நேரே பார்க்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது.

"நாளைக்கு விடியக்காலையில எங்க ஊர்ல பாறைமேல ஈஸ்டர் ஆராதனை…" என்று அண்ணன் இழுத்தார்.

"பாறை ஏறவே கூடாது."

கிளம்பும்போது அண்ணி நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினார். "கண்ணு குடுத்தது யாரும்மா? ஆம்பளையா, பொம்பளையா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா."

அண்ணி தலையாட்டினார்.

பிற்பகல். திருப்பதியிலிருந்து சித்தூர்ச் சாலையில் அண்ணன் ஊர் ஐம்பது கிலோமீட்டர். பாகாலாவைத் தாண்டி, காணிப்பாக்கம் விலக்கு வருவதற்கு முன்னாலேயே இறங்கிவிடலாம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, தூசி வராமல் முனிரத்தினம் ஊர்ந்து ஓட்டினார். அந்தப் பயணத்தை நான் மறக்கமாட்டேன்! சந்திரகிரி வந்தபோது, "பெருசா கறுப்பா இன்னா அது?" என்றார் அண்ணி. "மலை." "இவ்ளோ கிட்டயா இருக்குது!" பிறகு பச்சை வந்தது. "மாந்தோப்பா?" "இல்ல அண்ணி, நெல்லு." "அப்ப இதுவாவது மாந்தோப்பா?" "ஆமாம் ஆமாம்!" நாங்கள் ஆமாம் சொல்லும்போதெல்லாம் அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தொடையில் தட்டிக்கொண்டார். பாகாலாவில் டீ குடித்தோம், ஒரு டீ பன்னிரண்டு ரூபாய். கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்துவிட்டுத்தான் அண்ணி குடித்தார்.

சாயங்காலம். சாலையோர வீட்டு வாசலில் மெர்சி நின்றிருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்ததால் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அம்மாவுக்குச் சட்டென்று தெரிய வேண்டும் என்று பளிச் மஞ்சளில் பாவாடை தாவணி. அண்ணி கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு எட்டு வயது.

பொழுது சாய்ந்திருந்தது. அண்ணி மகளின் கன்னங்களை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "உசரமா மஞ்சளா நிக்கிற. முகம் மட்டும் கலங்கலா இருக்குதும்மா" என்றார். மெர்சி சிரித்தபடி, "பர்லேதும்மா, மெதுவா தெரியும்" என்று சொல்லி உள்ளே போனாள். சமையற்கட்டில் அவள் விசும்பும் சத்தம் கேட்டு நான் போனேன்.

"மீசை இல்லாதது தெரிஞ்சுதாம். டீ கலர்கூட தெரிஞ்சுதாம். என் மூஞ்சி மட்டும் தெரியல அத்தை. இதுவும் போன தடவை மாதிரி ஆயிடுச்சுன்னா?"

அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

இருட்டுவதற்கு முன் போதகர் வந்தார். பின்னாலேயே சபையார் ஏழெட்டுப் பேர். வருஷா வருஷம் விடியுமுன் மெழுகுவர்த்தி ஏந்திப் பாறை ஏறி, உச்சியில் சூரியனைப் பார்த்துப் பாடுவது அவர்கள் வழக்கம். போதகர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார்: "லீலம்மா பாறைக்கு வரக் கூடாதுன்னா நம்ம ஆராதனை கீழே வரட்டும். முனிரத்தினம், கல்லக்கா புடுங்கின உங்க நெலத்துல உக்காரலாமா?"

"அது உங்க நெலந்தான் சாமி."

"மெழுகுவத்தி கிடையாது. பொகை ஆகாது."

ஒரு பெரியவருக்கு மனசு ஆறவில்லை. "மெழுகுவத்தி இல்லாம ஈஸ்டரா அய்யா?"

"மொத ஈஸ்டருக்கு யாரு விளக்கு எடுத்துக்கினு போனாங்க? கல்லறைக்கு இருட்டோட போன பொம்பளைங்க கையில வாசனைத் தைலந்தான் இருந்துச்சு. செத்தவருக்குப் பூசப் போனாங்க. வெளிச்சம் அவுங்களுக்கு முன்னாடியே அங்க வந்து இருந்துச்சு."

பெரியவர் சிரித்துவிட்டார். முனிரத்தினம் அதற்குள் காணாமல் போயிருந்தார். சற்று நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலையில் தூசி எழக்கூடாது என்று கடலை பிடுங்கிய நிலம் முழுவதும் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். பிள்ளையார் குங்குமம் வியர்வையில் மூக்குவரை வழிந்திருந்தது.

ஈஸ்டர் ஞாயிறு, விடியற்காலை. நனைந்த மண் வாசனை. தார்ப்பாய் விரித்து அறுபது பேருக்குமேல் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். ஒரு விளக்கு இல்லை. பக்கத்தில் இருப்பவர் யாரென்று இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. தமிழில் ஒரு பாட்டு, தெலுங்கில் ஒரு பாட்டு. எல்லோரும் கிழக்கே பார்த்திருந்தோம். அண்ணி மட்டும், சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதால், எங்களுக்கு முன்னால் நாற்காலியில் கிழக்குக்கு முதுகு காட்டி, எங்களைப் பார்த்தபடி இருந்தார்.

போதகர் நீளமாகப் பேசவில்லை. "இரட்சிப்புன்னா என்னன்னு கேப்பீங்க. இருட்டுல இருக்கிறவன் தன் கண்ணைத் தானே தைச்சுக்க முடியாது. வேற ஒருத்தர் குடுக்கணும். குடுத்தவர் சாகணும். செத்தவர் குடுத்தது நமக்குள்ள உசுரோட இருக்கணும். இதுதான் நம்ம நம்பிக்கை" என்றார்.

வானம் சாம்பலானது, பிறகு மாந்தளிர் நிறமானது. பாறையின் விளிம்பில் ஒரு கோடு பற்றிக்கொண்டது. வெளிச்சம் பாறையைத் தாண்டி, அண்ணியின் தோளைத் தாண்டி, நேரே எங்கள் முகங்களில் வந்து விழுந்தது. எனக்குக் கண் கூசியது. நாங்கள் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அண்ணி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரூபி!" என்றார் திடீரென்று. "அது ரூபிதான! பக்கத்துல… ஜெயம்மா அக்கா! பல்லு போயிடுச்சா உனுக்கு?"

கூட்டம் ஆராதனையை மறந்தது. அவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல, பெயர் சொல்லப்பட்டவர்கள் குழந்தைகள் போலக் கையைத் தூக்கினார்கள். மெர்சி எழுந்துபோய் அம்மாவின் முழங்காலருகே மண்டியிட்டாள். வெயில் அவள் முகத்தில் முழுசாக விழுந்தது. அண்ணி குனிந்தார். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு ஓரத்துல மச்சம்" என்றார். "இது எப்ப வந்துச்சு? நான் தினம் தடவிப் பாத்துக்கினுதான இருந்தேன். கைக்குத் தெரியலியே…"

மெர்சி அம்மாவின் மடியில் முகம் புதைத்து ஓவென்று அழுதாள்.

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்று யாரோ கத்தினார்கள். "நிஜமுகா லேச்செனு!" என்று, மெய்யாகவே எழுந்தார் என மொத்த நிலமும் தெலுங்கில் பதில் கொடுத்தது. கை தட்டினோம், கட்டிக்கொண்டோம். நான் எத்தனை ஈஸ்டர் பார்த்திருப்பேன்! அந்த வார்த்தையை, அப்போதுதான் செய்தி கேட்டவள் மாதிரி, கத்தியது அன்றுதான்.

ஆரவாரம் அடங்கியதும் அண்ணி எழுந்து நின்றார். "நான் ஒரு ஜெபம் பண்ணணும்" என்றார்.

"ஆண்டவரே, யாரோ ஒருத்தர் வூட்ல இன்னிக்கி இருட்டா கீது. சோறு துன்னாம அழுதுக்கினு இருப்பாங்க. அவுங்க பேரு எனுக்குத் தெரியாது, உனுக்குத் தெரியும். அவுங்க குடுத்த கண்ணாலதான் என் பொண்ணைப் பாத்தேன். அந்த வூட்டுக்குப் போ. அவுங்க தெருவுலயும் விடியட்டும்."

ஓரத்தில் நின்றிருந்த முனிரத்தினம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பின்னால், சத்தமாக "ஆமென்" என்றார்.

பிற்பகல் மூன்று மணி. சித்தூர் பஸ்ஸுக்காக வீட்டு வாசலில் நின்றேன். என் சென்னைச் சபையில் இந்நேரம் ஈஸ்டர் ஆராதனை முடிந்து, கோபுரத்துக்குச் சீரியல் பல்பு போட்டிருப்பார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே நாங்கள் எல்லோரும் பலிபீடத்தைப் பார்த்து வரிசையாக உட்காருவோம். முன்னால் இருப்பவரின் பின்னந்தலைதான் தெரியும். வெளிச்சம் வந்தால் யார் முகத்தில் விழுகிறது என்று திரும்பிப் பார்த்ததில்லை. நம்பிக்கை என்பது தூரத்தில் தெரியும் ஒன்று என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். அண்ணியின் கண்ணைப் பற்றி இன்னும் எதுவும் உறுதியில்லை. நாளை டாக்டர் என்ன சொல்வாரோ. ஆனால் இன்று காலை நடந்ததை இனி யாரும் நடக்கவில்லை என்று ஆக்க முடியாது.

பஸ் வந்தது. ஏறி, இடது பக்கம் மூன்றாவது ஜன்னலில் இடம் பிடித்தேன். வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு அண்ணி, அவர் கையைக் கோத்தபடி மெர்சி. யாரும் அவருக்குத் திசை காட்டவில்லை. பஸ்ஸின் நீளம் முழுக்கத் தலையைத் திருப்பித் தேடினார். அவர் பார்வை ஒவ்வொரு ஜன்னலாக வந்து, என் ஜன்னலில் நின்றது. கையைத் தூக்கி என்னைப் பார்த்து அசைத்தார்.