சீமெந்துக் கடைக்கு ஒரு மென்பொருள் பொறியியலாளர்

இன்று பரந்தனில் உள்ள என் சீமெந்துக் கடைக்கு, கணினிப் படிப்பு முடித்த ஒரு தங்கச்சி வேலை கேட்டு வந்தார்.

"கொழும்பில எல்லாரும் ரெண்டு வருச அனுபவம் கேக்கினம் அண்ணை. உங்களுக்கு பில் போடுற மென்பொருள் செய்து தாறன். சம்பளம் வேண்டாம், அனுபவக் கடிதம் தந்தாக் காணும்."

"சும்மா செய்தா, பிழை வரேக்க உன்னை ஏசேலாதே. சம்பளம் எடு."

"அப்ப கடிதத்தில 'மென்பொருள் பொறியியலாளர்' எண்டு போடுங்கோ."

"சீமெந்துக் கடையிலயோ?"

"பின்ன, சீமெந்து வித்தனான் எண்டு போட்டா கூப்பிடுவினமோ?"

நியாயம்தான். நான் கடை திறந்தபோது அனுபவம் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. அதனால்தான் முதலாளியானேன்.

கடைசியில் பேசி முடித்தது இதுதான்: மாதம் முப்பதாயிரம், மதியச் சாப்பாடு, கேட்ட பதவி. கரண்ட் போனால் பொறியியலாளர் கையால் பில் எழுத வேண்டும்.