குதிரைக்காக நின்ற லைன்

எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி வேலையில் நமக்குத் தலைவலி வரலாம், கால் மரத்துப்போகலாம், கல்யாணம்கூட ஆகலாம். லைன் மட்டும் நிற்கக் கூடாது. ஷிஃப்ட் பார்த்துத் தேய்ந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் நான் லைன் லீடராக இருந்த காலத்தில் அது வருஷத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம், நின்றது. காரணம் குதிரை.

எங்கள் மேனேஜர் ஆஸ்திரேலியாக்காரர். எங்கள் பெண்கள் ரப்பர் எஸ்டேட்டை விட்டு வந்து எத்தனையோ காலமாகியும் அவர்களுக்கு வெள்ளைக்காரர் என்றால் 'துரை'தான். நவம்பர் முதல் செவ்வாய் அவர் நாட்டில் மெல்பர்ன் கோப்பைப் பந்தயம். அதற்காக நாடே வேலையைப் போட்டுவிட்டு நிற்குமாம். பந்தயம் தொடங்கும் நேரம் நமக்குப் பகல் பன்னிரண்டு மணி. கேன்டீன் டிவி முன்னால் எங்களை உட்கார வைத்துவிடுவார். அந்தக் குதிரைப் பந்தயத்தால் என் லைனில் வேலை பார்த்த லெட்சுமிக்கு ஒரு நாள் லீவு கிடைத்த கதையைத்தான் சொல்ல வந்தேன். வழக்கம்போலச் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பும் விளக்குமாறும்

முதல் வருஷம் நோட்டீஸ் போர்டில் 'கப் ஸ்வீப், கேன்டீன், பதினொன்றரை' என்று ஒட்டினார். குதிரைகளின் பெயரைச் சீட்டில் எழுதி, டின்னில் குலுக்கி, ஆளுக்கொன்று எடுப்பதற்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? துப்புரவு வேலை பார்த்த சாந்தாக்கா, யாரோ படித்துச் சொன்னதைக் கேட்டு, கேன்டீன் கப்பையெல்லாம் கழுவிக் கவிழ்த்து, தரையைப் பெருக்கி, விளக்குமாற்றோடு வாசலில் நின்றார். சீட்டு டின்னோடு வந்த துரை ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"கப்பும் கழுவியாச்சு, ஸ்வீப்பும் பண்ணியாச்சு துரை. இனிமே யாரும் செருப்போட உள்ள வராம நீங்கதான் பாத்துக்கணும்."

தொப்பிப் போட்டி

அந்தப் பந்தயத்துக்குப் பெண்கள் விதவிதமாகத் தொப்பி வைத்துப் போவது வழக்கமாம். மறு வருஷம் எங்களுக்கும் போட்டி வைத்தார். ஒருத்தி பலகாரக் கூடையையே கவிழ்த்து ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தாள். தூரத்துச் செலண்டாரிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வரும் லெட்சுமி மட்டும் கொண்டை நிறைய மல்லிகையோடு வெறுந்தலையாக வந்து நின்றாள். தொப்பி எங்கேடி என்று நான் எரிந்து விழுந்தேன்.

"வருசம் முச்சூடும் க்ளீன்ரூம் தொப்பி போட்டுத்தானேக்கா கெடக்கோம். இன்னிக்கு ஒரு நாளாச்சும் தலைக்குக் காத்துப் படட்டும்லா."

அதை நான் மொழிபெயர்த்ததும் பரிசு அவளுக்குத்தான். அறிவித்துவிட்டுத் துரை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "உங்க லைன் போர்டுகள்ல இவ்வளவு முடி விழறதுக்கு இந்தத் தொப்பி வெறுப்புதான் காரணமா, லீடர்?"

நடந்தே வந்த குதிரை

துரைக்குப் பந்தயத்தைவிட அதன் பழங்கதைகள்மேல்தான் உயிர். முதன்முதல் கோப்பையை வென்ற குதிரை, பந்தயத்துக்காக ஐந்நூறு மைல் நடந்தே வந்ததாகச் சொல்வார்களாம். நிஜமோ கதையோ, கண் கலங்காத குறையாகச் சொன்னார். நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். லெட்சுமியின் ஃபேக்டரி பஸ் அன்றைக்கும் முக்கால் மணி நேரம் லேட்.

"பாவம்க்கா, அதுவும் பஸ் வரும் வரும்னு நின்னு பாத்துட்டுத்தான் நடந்திருக்கும்."

கடைசிக் குதிரைக்கு

பணம் வைத்து ஆடத் துரை விடவில்லை. ஜெயித்த சீட்டுக்குப் பரிசு ஒரு நாள் லீவு. ஒரு வருஷம் பந்தயத்துக்கு அடுத்த வாரமே தீபாவளி. லெட்சுமியின் மகளுக்கு அது தலை தீபாவளி. மகளும் மருமகனும் முதல் நாள் காலையிலேயே வருகிறார்கள். வீட்டில் வேறு பெண் இல்லை, ஆரத்தி எடுக்க அவள்தான் இருக்க வேண்டும். அந்த நாளுக்கு லீவு கேட்டவர்கள் ஏற்கெனவே அதிகம். அவளுக்கு இல்லையென்று சொன்னது நான்தான். அவள் கழிப்பறையில் போய் அழுதது இன்னும் என்னை உறுத்துகிறது. சீட்டை விட்டால் வேறு வழியில்லை.

ஓட்டம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். லெட்சுமி மேசையைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். அவள் குதிரை கடைசி. ஜெயித்த சீட்டு ஸ்டோர்காரர் கையில். அவளைத் தேற்ற நினைத்த துரை, கடைசிக் குதிரைக்கும் எங்கள் ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கம் உண்டு, சீட்டுக்குப் போட்ட காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம், நீதான் ஒன்றும் போடவில்லையே என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவள் சொன்ன பதிலை நான் மொழிபெயர்த்தேன். துரை லீவு ஃபாரத்தைக் கொண்டுவரச் சொல்லி அந்த மேசையிலேயே கையெழுத்துப் போட்டார். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"பதினெட்டு வருசம் போட்டிருக்கேன் துரை. அதுல ஒரு நாளைத் திருப்பிக் குடுங்க."

வேலையை விட்டுப் புக்கிட் காத்திலில் என் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நான், நவம்பர் முதல் செவ்வாய் தவறாமல் டிவியைப் போட்டுக் கடைசிக் குதிரையைத்தான் தேடுகிறேன், படம் பிடிக்கிறவருக்குத்தான் ஜெயித்ததை விட்டால் வேறு குதிரையே கண்ணில் படுவதில்லை.