புன்னைக்காயலில் கெண்டை

புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் சேரும் இடம் தேநீர் நிறத்தில் கிடக்கிறது. மலையில் பேய்மழை. அணையைத் திறந்ததிலிருந்து திருநெல்வேலிச் சாக்கடை மொத்தமும் இங்கேதான் வந்து இறங்குகிறது. ஆற்றில் குப்பை கொட்டும் என் ஊர்க்காரர்களைச் செருப்பால் அடிக்க வேண்டும். உப்பு குறைந்ததும் கடல் மீன் தூரமாக ஓடிவிட்டது.

பாறை மீன் வாங்க திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி வந்த எனக்கு எரிச்சல். மீனவர் அந்தோணிக்கு அதைவிட எரிச்சல். மகளின் மாமனார் வீட்டார் இன்று ராத்திரி முதன்முறையாக விருந்துக்கு வருகிறார்கள். வலையில் இருப்பதோ ஆகாயத்தாமரையும் ஆற்றுக் கெண்டையும்.

"கெண்டையையே குழம்பு வையும் வே" என்கிறேன்.

"கடக்கர வீட்டுல ஆத்து மீனா? சம்பந்தி மூஞ்சில காறித் துப்பிருவாரு. நீங்க பஸ்ல வந்தீய, இது ஆத்தோட வந்துருக்கு. ஒங்க ஊர்க்காரந்தான அண்ணாச்சி, கூட்டிட்டுப் போங்க."

என் பையில் கெண்டையைத் திணிக்கிறார்.

தூத்துக்குடி பஸ் வருகிறது. அந்தோணியும் ஏறுகிறார். ஆழ்கடல் படகுகள் வரும் துறைமுகத்தில், இந்தக் கடல்காரர் கடல் மீன் விலைக்கு வாங்கப் போகிறார்.

"வெளிய சொல்லிராதீய" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தவர், உடனே மூக்கைப் பொத்துகிறார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. ஒங்க ஊரு நாறுது."