மாரி, தள்ளி உக்காரு

இறந்துபோன பிள்ளை பாடம் வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். நாகலாபுரத்துக்குத் தெற்கே ஒரு ஊரில், மொட்டை வெயிலில்.

சிரிக்க வேண்டாம். பேய், பிசாசு என்று எழுதிப் பக்கத்தை நிரப்புகிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். எழுத்து பிடிபடாத சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. கோவில்பட்டியில் பஸ் ஏறி, ஊர் ஊராகப் போவேன். பையில் பருத்திக்கொட்டையை ஒட்டிச் செய்த எழுத்து அட்டைகள் இருக்கும். கண்ணுக்கு நிற்காத எழுத்து, சில பிள்ளைகளுக்கு விரலுக்கு நிற்கும்.

சித்திரை மாதம். முத்துமாரி வீடு எது என்று குழாயடியில் கேட்டேன். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உச்சிப்பொழுதுல அங்கன போகாதீங்க டீச்சர். செத்துப்போன மூத்தவ வந்து வாசிக்கா."

போனேன். ஜன்னல் இல்லாத ஒற்றை அறை. வாசல் வழியாக வருவதுதான் வெளிச்சம். முத்துமாரிக்கு ஏழு வயது. 'அ'னா தெரியாத மக்கு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அவள் அம்மா சண்முகத்தாய், அட்டை கிழிந்த ஒரு பாடப்புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

பிள்ளை வாசித்தாள். கடகடவென்று.

"குளத்தின் கரையில் ஆலமரம். மரத்தின் கீழ் மாட்டு வண்டி..." குரல் அவளுடையது இல்லை. அவளைவிடப் பெரிய பிள்ளையின் குரல். நடுவில் ஒரு வறட்டு இருமல். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பாடம். அந்த இருமல் வரும்போது மட்டும் சண்முகத்தாய் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம், பாடத்தின் நடுவில், அதே குரலில் —

"ஏட்டி மாரி, தள்ளி உக்காரு. வெளிச்சத்த மறைக்காத."

அவள் பெயரைச் சொல்லி அவளையே அதட்டினாள். அசையாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நான் வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. ஒரு காக்கா கூடக் கத்தவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது... பொய் சொல்வானேன்?

மெதுவாகப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். வாசிப்பு நிற்கவில்லை.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எழுத்து பிடிபடாத பிள்ளைகள் பலர் காதை வைத்துத் தப்பித்துக்கொள்வார்கள். அக்கா பேச்சியம்மாள் தினமும் வாசலோரம் உட்கார்ந்து வாசித்ததை, தங்கை பக்கத்தில் இருந்து கேட்டு அப்படியே பிடித்து வைத்திருக்கிறாள். இருமலோடு. அதட்டலோடு. போன வருஷம் பேச்சி நெஞ்சுச் சளி முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டாள். மாரிக்கு அந்த அதட்டலும் பாடம்தான். புத்தகத்தில் அச்சடித்திருக்கிறது என்றே நினைத்திருக்கிறாள்.

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று யார் சொன்னது? அதன்பிறகும் ஒவ்வொரு வாரமும் அந்த இருமலுக்கு எனக்கு முதுகு சில்லிட்டது.

ஆனாலும் வேலையை விடவில்லை. பருத்திக்கொட்டை 'ம'வைத் தடவித் தடவி மாரி பழகினாள். 'ர' வந்தது. 'த' வந்தது. 'க', 'ள', 'உ' வந்தது. ஒருநாள் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். விரலை ஒரு இடத்தில் வைத்து, "டீச்சர், இங்கன 'ம' இருக்கு" என்றாள்.

அவளுடைய சொந்தக் குரலில். அக்காவின் குரல் பாதி வரியில் அறுந்துபோனது. மறுபடி தொடங்கச் சொன்னார் சண்முகத்தாய். வரவில்லை. புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"இவளா வாசிக்கப் படிச்சிட்டா, பேச்சி எப்படி டீச்சர் வருவா?"

அவர் சொன்னது சரிதானே? எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளை திக்கித் திணறித் தன் குரலில்தான் வாசிக்கும். ஒரு மகளுக்கு எழுத்து வரவேண்டும் என்றால் இன்னொரு மகள் மறுபடியும் சாகவேண்டும். எந்த டிரெயினிங்கில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்?

அடுத்த வாரம் வீடு பூட்டியிருந்தது. அதற்கடுத்த வாரம், "ஆட்டுக்குப் பின்னால போயிருக்கா" என்றார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தும் நிறுத்தியாயிற்றாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உயிரோடிருக்கிற பிள்ளையை டேப் ரெக்கார்டராக வைத்துக்கொள்வதா? ஆனால் என் பிள்ளையின் குரலாக இருந்தால் நான் மட்டும் விட்டிருப்பேனா? சண்டை போட மனசு வரவில்லை.

போன வியாழக்கிழமை மறுபடி போனேன். நல்லவேளையாக இருவரும் வீட்டில் இருந்தார்கள்.

"அந்தப் புத்தகத்தத் தொட மாட்டேம்மா. அது உங்ககிட்டயே இருக்கட்டும். சிலேட்டுல மட்டும் சொல்லிக்குடுக்கேன்."

சண்முகத்தாய் யோசித்து, என்னை உள்ளே விட்டார். பிறகு புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றார். நான் பேச்சு மாறுகிறேனா என்று காவல்.

வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அதன் காதில் விழுந்து பழகிய பேச்சைத்தான் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். மாரிக்கு நன்றாகப் பழகிய பேச்சு எது? சிலேட்டில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

அவள் விரலை வைத்தாள். அறை இருட்டாக இருந்தது. குனிந்து, சிலேட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"மா... ரி..." நெடுநேரம். "த... தள்... தள்ளி..." வியர்த்துவிட்டது. "உக்... கா... ரு."

இருமல் வரவில்லை. கீச்சுக் குரலில், திக்கித் திணறி, முழுக்க அவளாகவே வாசித்தாள். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்மா, இது பாடம் இல்லம்மா. அக்கா என்னையச் சொன்னது."

சண்முகத்தாய் வாயில் சேலையை வைத்துப் பொத்திக்கொண்டார். அப்புறம் வாசலை விட்டு விலகி, சுவரோரமாக உட்கார்ந்தார். சிலேட்டில் வெயில் விழுந்தது.

அவருக்கும் மாரிக்கும் நடுவில், இன்னொரு பிள்ளை உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும், தண்ணீர் குடிக்க எழுந்தபோது... அந்த இடத்தைச் சுற்றித்தான் போனேன்.