ரேடியோவில் கேட்ட விசில்

எங்கள் பறவை மீட்பு மையத்துக்காகப் பெங்களூரு பண்பலை ஒன்றில் பேசினேன். கடையில் வாங்காமல் தத்தெடுங்கள் என்று சொல்லி, ஈஜிபுரா பகுதியில் ஒரு மொட்டை மாடியில் பிடிபட்ட காக்டீல் கிளியின் விசிலையும் போட்டுக் காட்டினேன். அதற்கு நல்ல வீடு கிடைத்துவிட்டது என்றேன் பெருமையாக.

உடனே ஓர் அம்மா நிலையத்துக்கு அழைத்தார்.

"அது எங்க வீட்டுக்காரர் பழக்கின விசிலுங்க. அவரு போன பிறகு கிளியும் பறந்துடுச்சு."

"யாரோடதுன்னு கேட்டு இன்ஸ்டாகிராம்ல போட்டோமேம்மா."

"எனக்கு ரேடியோ மட்டும்தாங்க."

தத்தெடுத்தவர்களிடம் கேட்டேன். மகள் அதைப் பிரியமாட்டாள் என்று மறுத்துவிட்டார்கள். அந்த அம்மாவிடம் சொன்னபோது, "நல்லா சாப்பிடுதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதெல்லாம் பறவை கிடைத்ததும் முதலில் வானொலியில் சொல்கிறோம். அவருக்குத்தான் அது உதவாமல் போயிற்று.